தட்டில் மிஞ்சியது

பசியைப் பிணி என்று வகைப்படுத்திய மொழி நம்முடையது. பசிப்பிணி என்னும் அந்த ஒரு சொல்லைச் சுற்றியே மணிமேகலைக் காப்பியத்தின் பெரும்பகுதி சுழல்கிறது. அமுதசுரபி கைக்கு வந்ததும், சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆனதும் அதன் பொருட்டே. உணவில்லாதவனின் துயரைச் சொல்ல நம் புலவர்கள் ஒருநாளும் சொல் தேடி அலைந்ததில்லை. உணவு எதிரே இருந்தும் உண்ண இயலாதவனின் நிலையைச் சொல்லத்தான் நம்மிடம் சொற்கள் குறைவு. பசியின்மை என்கிறோம். இல்லாத ஒன்றைக் குறிக்கும் எதிர்மறைப் பெயர் அது. இல்லாததை யார் கண்ணால் காண்பது?

நாங்கள் இருவரும் கல்லூரியில் தமிழ் பயிற்றுவிப்பவர்கள். மருத்துவம் எங்கள் துறையன்று. 2022 ஆம் ஆண்டில் எங்கள் அண்ணனுக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்தபோது, அண்ணிக்குத் துணையாக முறைவைத்து ஏறத்தாழ ஆறு வாரம் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. அங்கே கண்டவற்றையும், பின்னர் படித்தும் கேட்டும் அறிந்தவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறோம். வாசக நண்பர்களில் எவர் வீட்டிலேனும் இத்தகைய நோயாளி இருப்பின் பயன்படக்கூடும் என்ற எண்ணமே எழுதத் தூண்டியது.

*

இரத்தப் புற்றுநோய் என்று ஒருமையில் சொன்னாலும் அது ஒரே நோயன்று. லுக்கீமியா, லிம்ஃபோமா, மையலோமா என்று மூன்று பெருங்குடும்பங்கள். ஒவ்வொன்றிலும் பல கிளைகள். அண்ணனுக்கு வந்தது அக்யூட் மைலாய்ட் லுக்கீமியா. எலும்பு மஜ்ஜையில் முதிராத வெள்ளணுக்கள் கட்டின்றிப் பெருகும் வகை. வழக்கமான முதற்சுற்றுச் சிகிச்சையில் ஒரு மருந்து ஏழு நாள் இடைவிடாமல் ஏறுகிறது. இன்னொன்று அதனோடு சேர்ந்து மூன்று நாள். அதன்பின் வெள்ளணுக்கள் ஏறக்குறைய இல்லாமற்போகும் காலம் வருகிறது. காய்ச்சலையும் தொற்றையும் எதிர்பார்த்தபடி மூன்று நான்கு வாரம் காத்திருக்க வேண்டும்.

அந்த வாரங்களில் வார்டின் பேச்சு முழுவதும் எண்களைப் பற்றியதாக இருக்கும். வெள்ளணு எவ்வளவு, பிளேட்லெட் எவ்வளவு, ஹீமோகுளோபின் எவ்வளவு என்று காலையில் ரிப்போர்ட் வந்ததும் கட்டிலுக்குக் கட்டில் கேள்வி பறக்கும். நோயாளியின் உறவினர் அனைவரும் பத்தே நாளில் அந்த எண்களில் புலமை பெற்றுவிடுகிறார்கள். அவர் நேற்று எத்தனை கவளம் உண்டார் என்ற எண் மட்டும் எந்தத் தாளிலும் இருப்பதில்லை.

இது புதிய குறையன்று. 1974 இல் சார்லஸ் பட்டர்வர்த் என்ற அமெரிக்க மருத்துவர் இதைப் பற்றிப் புகழ்பெற்ற கட்டுரை ஒன்றை எழுதினார். வெளியே தெரியாமல் ஒரு குடும்பம் மறைத்துவைக்கும் அவமானத்தை, அலமாரியில் ஒளித்த எலும்புக்கூடு என்பது ஆங்கில வழக்கு. மருத்துவமனைகளின் அலமாரியில் இருக்கும் எலும்புக்கூடு, அங்கேயே படுத்திருந்து ஊட்டம் குன்றிப்போகும் நோயாளிதான் என்பது அவர் வாதம். உயரமும் எடையும் குறிக்கப்படாமை, குளுக்கோஸையும் சலைனையும் மட்டுமே நாட்கணக்கில் ஏற்றுதல், பரிசோதனைகளுக்காக அடுத்தடுத்து உணவு நிறுத்தப்படுதல் என்று அவர் பட்டியலிட்டவற்றுள் பலவற்றை அரை நூற்றாண்டு கழித்து நாங்களும் பார்த்தோம். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. ஒவ்வொருவரும் தத்தம் பணியைச் செவ்வனே செய்கிறார்கள். உணவு எவருடைய பணியும் அன்று.

*

ஊட்டச்சத்துக் குறைவு என்றதும் நம் மனத்தில் எழும் உருவம் ஒன்றுண்டு. ஒட்டிய கன்னம், எண்ணத்தக்க விலா எலும்பு, குச்சிபோன்ற கைகால். பஞ்சப் படங்கள் பதித்த உருவம் அது. இரத்தப் புற்றுநோயாளியிடம் அந்த உருவத்தைத் தேடுகிறவர் பெரும்பாலும் ஏமாந்துபோவார்.

முதலாவது ஏமாற்று, நீர். கீமோதெரபியின்போது லிட்டர் கணக்கில் சலைன் ஏறுகிறது. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை. உடலில் தசை கரையும் அளவுக்கு நீர் தங்கிவிட்டால் எடைப்பொறி முள் அசையாது. இரண்டாவது, ஸ்டீராய்டு. லிம்ஃபோமா, மையலோமா, அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கீமியா மூன்றிலும் அது சிகிச்சையின் பகுதி. முகத்தை உருண்டையாக்கி, வயிற்றில் கொழுப்பைச் சேர்த்து, அதே வேளையில் தொடையிலும் தோளிலும் உள்ள தசையை அது தின்கிறது. பார்க்க வருபவர்கள், “முகம் நல்லா தெளிஞ்சிருக்கே!” என்று மகிழ்ந்து செல்வார்கள். மூன்றாவது, வீங்கிய உறுப்புகள். சிலவகை நோயில் மண்ணீரல் பெருத்து இரைப்பையை நெருக்குகிறது. நாலு வாய் உண்டதுமே வயிறு நிறைந்த உணர்வு வந்துவிடும்; பெருத்த மண்ணீரலின் எடையோ பொறியில் உடல் எடையாகப் பதிவாகும். நான்காவது, மையலோமாவுக்கே உரியது. முதுகெலும்புகள் நொறுங்கி நோயாளியின் உயரம் குறைகிறது. உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் உடல் நிறைக் குறியீடு, உயரம் குறைந்த காரணத்தாலேயே உயர்ந்து காட்டும்.

இரத்தத்தில் ஆல்புமின் குறைந்திருந்தால் ஊட்டம் குறைவு என்று முன்பெல்லாம் சொல்வதுண்டு. அதுவும் நம்பத்தக்க சாட்சியன்று என்பதே இன்றைய மருத்துவ முடிவு. காய்ச்சலும் அழற்சியும் வந்தாலே ஆல்புமின் இறங்கும். நன்றாக உண்பவருக்கும் இறங்கும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய ஏமாற்று, நோயின் பெயர். “புற்றுநோய்தானே, அப்படித்தான் இருக்கும்” என்ற வாக்கியத்தை அந்த ஆறு வாரத்தில் எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டோம் என்பதற்குக் கணக்கில்லை. சோர்வா? புற்றுநோய்தானே. எழுந்து நிற்கக் கால் நடுங்குகிறதா? புற்றுநோய்தானே. பெரிய நோயின் பெயர், அதனுள் இருக்கும் இன்னொரு நோயின் பெயரை விழுங்கிவிடுகிறது. அந்த இன்னொரு நோய்க்கு மருந்து இருக்கிறது என்பதுதான் வருத்தம்.

*

அண்ணனின் சாப்பாட்டைப் பற்றி வார்டில் முதலில் வாய் திறந்தவர் மருத்துவரும் அல்லர், நர்ஸும் அல்லர். தட்டு எடுக்க வரும் அம்மாள். பகல் பன்னிரண்டரைக்கு மூடிய தட்டு வரும். ஒன்றேகாலுக்குத் திரும்பிப் போகும். கொண்டுவருபவர் ஒருவர், எடுத்துச் செல்பவர் இன்னொருவர். பதின்மூன்றாம் நாள் அந்த அம்மாள் தட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

“டீச்சரம்மா, தம்பி நாலு நாளா தட்டை வெறுமனே தொட்டுட்டுத்தான் அனுப்புது. எடுக்கிற எனக்குத் தெரியும்ல. கனம் கொறையவே இல்லியே.”

கனம் குறையவில்லை என்ற அந்த அளவுகோல் எங்களை உலுக்கியது. அந்த வார்டில் ஒவ்வொரு நோயாளியும் எவ்வளவு உண்கிறார் என்பதைக் கையாலேயே எடைபோட்டு அறிந்திருந்த ஒரே ஆள் அவர்தான். அவரிடம் அதைக் கேட்டுக்கொள்ள எந்த ஏற்பாடும் இல்லை. அவர் சொன்னதை அப்படியே பணியில் இருந்த நர்ஸிடம் சொன்னோம். அன்று மாலையே உணவியலாளர் வந்தார். இளம்பெண், முப்பது வயதுகூட இராது.

அவர் முகத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யவில்லை. முதலில் கேள்விகள்.

“சார், ஆறு மாசத்துக்கு முன்னாடி உங்க வெயிட் எவ்வளவு இருந்தது?”

அண்ணன் நினைவுகூர்ந்து எழுபத்து நான்கு என்றார். ஜனவரியில் செய்த உடற்பரிசோதனைத் தாள் வீட்டில் இருந்தது. அதுவும் அதையே சொன்னது. மருத்துவமனையில் சேர்ந்த அன்று 68 கிலோ. உயரம் 170 சென்டிமீட்டர். கணக்கிட்டால் உடல் நிறைக் குறியீடு 23.5, குறைவு என்று சொல்ல முடியாத எண். ஆனால் ஆறு மாதத்தில் எட்டு விழுக்காடு எடை போயிருக்கிறது. ஆறு மாதத்துக்குள் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் எடை இழப்பு, அதோடு உணவு குறைவோ நோயின் அழற்சியோ இருந்தால் அது ஊட்டச்சத்துக் குறைவே என்று 2019 இல் வெளியான கிளிம் என்ற உலகளாவிய மருத்துவ உடன்பாடு வரையறுத்திருப்பதாக அவர் விளக்கினார். அதாவது, முதல் மருந்துத் துளி ஏறுவதற்கு முன்பே அண்ணன் அந்த வரையறைக்குள் வந்துவிட்டிருந்தார். வாசலில் எடை பார்க்கப்பட்டது. முந்தைய எடை கேட்கப்படவில்லை. ஒற்றை எண் எதையும் சொல்வதில்லை. இரண்டு எண்களுக்கு இடையே உள்ள தூரம்தான் பேசுகிறது.

இரண்டாவது கேள்வி: “இந்த ஒரு வாரத்தில் வழக்கமா சாப்பிடறதில முழுசா, பாதியா, காலா?”

இதற்கு அண்ணி எழுந்து தலையணைக்கு அடியிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தார். முதல் நாள் தொடங்கி அண்ணன் வாய்க்குள் போனதையெல்லாம் அதில் எழுதி வந்திருந்தார். காலை, ஒரு இட்லி. பதினொன்று, பால் அரை டம்ளர், வாந்தி. மதியம், ரசம் சாதம் நான்கு ஸ்பூன். மாலை, ஒன்றுமில்லை. பலசரக்குக் கணக்கு எழுதிப் பழகிய கை. உணவியலாளர் அந்த நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகக் கூட்டினார். ஒரு நாளைக்குச் சராசரி 550 கலோரி. புரதம் 15 கிராம் வந்தால் அதிகம். புற்றுநோயாளிக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரியும், ஒரு கிராமுக்கு மேல், இயன்றால் ஒன்றரை கிராம்வரை, புரதமும் வேண்டும் என்பது ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துக் கழகம் 2021 இல் வெளியிட்ட வழிகாட்டியின் கணக்கு. அண்ணனுக்கு 1,700 கலோரியும் 68 கிராம் புரதமும் குறைந்தபட்சம். மூன்றில் ஒரு பங்கு உணவில் அவர் புற்றுநோயோடு போரிட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு கையால் பார்த்தார். நெற்றிப் பொட்டின் பள்ளம், தோள்மூட்டின் விளிம்பு, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே உள்ள தசை. முழங்காலுக்குக் கீழே விரலால் அழுத்தினார். குழி விழுந்து மெல்ல நிரம்பியது. நீர். பதின்மூன்றாம் நாளும் எடை 68 கிலோவாகவே இருந்ததன் மர்மம் அதுதான். கைப்பிடி வலுவை அளக்கும் சிறு கருவியைக் கொடுத்து இறுக்கச் சொன்னார். இருபத்தைந்து ஆண்டு லேத் பட்டறையில் இரும்பைப் பிடித்த கை, மூன்றாம் முறை அழுத்தும்போது நடுங்கியது. கடைசியாகப் பையிலிருந்து தையற்காரரின் டேப்பைப் போன்ற ஒன்றை எடுத்து மேற்கையின் நடுவே சுற்றினார். 23 சென்டிமீட்டர். 23.5க்குக் கீழே போனால் எச்சரிக்கை என்பது பிரிட்டனில் உருவாகி 2003 முதல் பயன்பாட்டில் இருக்கும் மஸ்ட் என்ற சோதனையில் சொல்லப்படும் அளவு. எழுந்து எடைபார்க்க முடியாதவருக்கு அந்த ஒரு டேப்பே துணை.

எல்லாம் சேர்ந்து இருபது நிமிடம். ஸ்கேன் இல்லை, ஊசி இல்லை.

*

வாய்ப்புண் இருந்தால் எப்படி உண்பது? வார்டில் இதற்கும் விடை இருந்தது, கேட்கப்படாமல் இருந்தது. உணவுக்குக் கால் மணி நேரம் முன்னால் மரத்துப்போகச் செய்யும் மருந்தால் வாய் கொப்பளித்தல். மூன்று வேளைக்குப் பதில் ஆறு வேளை, சிறு சிறு கிண்ணங்களில். கஞ்சியில் பால் பவுடர், பருப்பு மசியலில் நெய், நன்கு வெந்த முட்டையின் மசியல். வாசனை குமட்டினால் ஆறவைத்துத் தருதல். இவை போதாதபோது மூக்குக்குழாய் அல்லது நாளம் வழி ஊட்டம். பிளேட்லெட் மிகக் குறைந்திருக்கையில் குழாய் செருகுவதிலும் இடர் உண்டு என்பதால் அது மருத்துவர் கூடி எடுக்கும் முடிவு. நெடுநாள் உண்ணாதவருக்குத் திடீரென நிறையக் கொடுப்பதும் ஆபத்து. இரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சரிந்து இதயமே தடுமாறக்கூடும். ஆகவே மெல்லத் தொடங்கி ஏற்ற வேண்டும்.

சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. பழம் கூடாது, தயிர் கூடாது, சட்னி கூடாது, வெளி உணவு கூடாது. வெள்ளணு குறைந்த காலத்துக்கான பத்தியம். உண்ண வேண்டியவற்றின் பட்டியல் எந்தச் சுவரிலும் இல்லை. இந்தப் பத்தியத்தைப் பற்றியே மருத்துவ உலகில் கேள்வி எழுந்து வெகுநாளாகிறது. லுக்கீமியா நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2008 இல் வெளியான அமெரிக்க ஆய்விலும், ஸ்டெம்செல் மாற்றுச் சிகிச்சை பெற்றோரிடம் நடத்தப்பட்டு 2023 இல் வெளியான இத்தாலிய ஆய்விலும், பச்சைக் காய்கனிகளை விலக்கியதால் தொற்று குறையவில்லை. கழுவுதலும் தூய்மையும் வேண்டும், அதில் ஐயமில்லை. நோயாளி தம் மருத்துவரைக் கேட்காமல் எதையும் மாற்றிக்கொள்ளவும் கூடாது. ஆனால் விலக்குகளின் பட்டியல் நீள நீள, உண்பவரின் மனமும் சுருங்குகிறது என்பது எங்கள் கண்கண்டது.

நம் மரபும் இதில் விலக்கின் பக்கமே சாய்ந்திருக்கிறது. திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் பத்தில் ஆறு குறள் உண்ணும் முறையைப் பற்றியவை. அவை அறிவுறுத்துவது செரித்த பின் உண்ணுதலையும் அளவு மிகாமையையும். மிகுதியாக உண்டு நோயுற்றவனுக்கு அதைவிடச் சிறந்த மருத்துவம் இல்லை. காய்ச்சல் வந்தால் பட்டினி போடுவது பாட்டிமார் கைமுறை. மூன்று நாள் காய்ச்சலுக்கு அதனால் பெரும் கேடு இல்லை. மூன்று மாதச் சிகிச்சைக்கு அது பொருந்தாது. நோய் மாறியிருக்கிறது, நோயாளியிடம் நாம் சொல்வது மாறவில்லை.

*

அண்ணனின் பக்கத்துக் கட்டிலில் லிம்ஃபோமா நோயாளி ஒருவர் இருந்தார். பருத்த உடம்பு. நான்கு மாதத்தில் 96 கிலோவிலிருந்து 82 ஆகியிருந்தார். அவர் மனைவி அதைச் சொன்னபோது வார்டில் பலர், “நல்லதுதானே, உடம்பு குறையட்டும்” என்றார்கள். லிம்ஃபோமாவின் நிலையைக் குறிக்கையில் பின்னொட்டாக ஓர் எழுத்தைச் சேர்ப்பார்கள். ஆறு மாதத்தில் பத்து விழுக்காட்டுக்கு மேல் எடை குறைந்திருந்தால் இடப்படும் அந்த ‘பி’ என்னும் எழுத்து அவருடைய கோப்பில் முறையாக இடப்பட்டிருந்தது. நோயின் தீவிரத்தை அளக்கும் குறியாக எடை இழப்பு எழுதப்பட்டது. தனியே சிகிச்சை வேண்டுகிற ஒரு குறையாக அது எவர் கண்ணிலும் படவில்லை. எண்பத்திரண்டு கிலோ மனிதரை ஊட்டம் குன்றியவர் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

இரண்டாம் சுற்றுச் சிகிச்சையில் அவர் நுரையீரல் தொற்றால் இறந்துபோனார். நன்றாக உண்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்ல எவராலும் முடியாது, நாங்களும் சொல்லவில்லை. ஊட்டம் குன்றிய உடலில் தொற்று எளிதில் ஏறும், புண் ஆறாது, மருந்தின் அடுத்த சுற்று தள்ளிப்போகும் என்பவை மட்டும் நிறுவப்பட்டவை. அவருடைய இறப்புச் சான்றிதழில் நிமோனியா என்றும் லிம்ஃபோமா என்றும் இருக்கும். பதினான்கு கிலோவுக்கு அதில் இடமில்லை.

அண்ணனின் கால்வீக்கம் நான்காம் வாரத்தில் வடிந்தது. அன்று பொறி உண்மையைச் சொன்னது: 61.5 கிலோ. ஜனவரியிலிருந்து அவருடைய உடலில் ஆறில் ஒரு பங்கு போயிருந்தது. இரண்டாம் சுற்றைப் பத்து நாள் தள்ளிவைத்தார் மருத்துவர். “நோய் கட்டுக்குள்ள இருக்கு. உடம்பு தாங்கணும், அதுக்காகத்தான்” என்றார். அந்தப் பத்து நாளும் அண்ணியின் நோட்டே எங்கள் வேதம். ஆறு வேளை, எத்தனை ஸ்பூன், எத்தனை முட்டை. அண்ணன் வைவார், முகத்தைத் திருப்புவார், ஒருநாள் கிண்ணத்தைத் தள்ளிவிட்டார். பத்தாம் நாள் 63 கிலோ. கைப்பிடிக் கருவியில் முள் சற்றே மேலே நின்றது. சிகிச்சை தொடர்ந்தது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனைக்குச் சென்று வருகிறார். பழைய எடை இன்னும் வரவில்லை.

*

ஊட்டச்சத்துக் குறைவைக் கண்டறியும் அளவைகள் மருத்துவ உலகில் பல வந்துவிட்டன. பெயர்கள் வேறு, அவை கேட்பது ஏறத்தாழ ஒன்றுதான். முன்பு என்ன எடை, இப்போது என்ன எடை, ஒரு வாரமாக எவ்வளவு உண்கிறீர்கள். நோயாளி சேர்ந்த முதல் நாளில் ஒருமுறை, பின் வாரந்தோறும் ஒருமுறை. நர்ஸுக்கு ஐந்து நிமிட வேலை. கட்டிலின் காலடியில் தொங்கும் அட்டையில் காய்ச்சலுக்கும் சிறுநீர் அளவுக்கும் இருப்பதுபோல, தட்டில் மிஞ்சியதற்கும் ஒரு கட்டம் இருந்தால் போதும். தட்டெடுக்கும் அம்மாளின் கையில் ஒரு பென்சிலும் கொடுக்க வேண்டும்.

அதுவரை, பார்க்கப் போகும் நமக்கு ஒரு வேலை இருக்கிறது. எவரைக் கண்டாலும் ‘சாப்பிட்டாச்சா?’ என்று கேட்கிறவர்கள் நாம். வணக்கத்துக்கு நிகராகிவிட்ட அந்தக் கேள்விக்கு ‘ஆச்சு’ என்பதே மரபான விடை; நோயாளியும் அதையே சொல்வார். அங்கே நின்றுவிடாமல், எவ்வளவு என்று இன்னொரு சொல்லும் கேட்கலாம். முழுசா, பாதியா, காலா. அவர் தயங்கினால், துணைக்கு இருப்பவரைத் தனியே அழைத்து, அதை நர்ஸிடம் சொல்லச் சொல்லலாம்.